ஒத்தப் பென்சில் டீச்சரும் டிக்கெட் எடுக்காத ஆடும்

எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு குடோனில் மிளகாய் மூட்டை பிரித்தால் மூன்று தெரு தும்மும். அந்தத் தும்மலை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்த ஒரே ஜீவன், பூமி உருண்டையான நாளிலிருந்து இன்று வரைக்கும், ஒத்தப் பென்சில் டீச்சர் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் கொண்டுவந்து நிறுத்துங்கள். நான் எழுதுவதை விட்டுவிட்டு போட் ஜெட்டியில் மரவள்ளிக் கப்பை வறுவல் விற்கப் போய்விடுகிறேன்.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பள்ளுருத்தி பஸ் கண்டக்டருக்கும், குடோன்காரர் வறீது சேட்டனுக்கும், எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளருக்கும் அவர் ஒத்தப் பென்சில் டீச்சர்தான். சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். குச்சி மாதிரி உடம்பு. கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. அவர் நடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால், குடைதான் எங்கோ அவசரமாகப் போகிறது, இவர் விட மனசில்லாமல் அதன் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறார் என்று தோன்றும். வெயில், மழை, வீட்டுக்குள், வெளியே என்ற பேதமெல்லாம் அந்தக் குடைக்குக் கிடையாது.

பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதற்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்வார். "சேட்டா, ஒரு பொண்ணு கல்யாணத்தன்னிக்குக் காலையில மொட்டை போட்டுக்கிட்டா." அவ்வளவுதான். இறங்கும் வரை வாயைத் திறக்க மாட்டார். கண்டக்டர் பாவம், தோப்பும்படி ஸ்டாப் வரைக்கும் மொட்டைத் தலையோடு மண்டபத்துக்குள் நின்று தவிப்பார். பின் சீட்டில் யாராவது ஒரு காரணம் சொல்வார்கள், முன் சீட்டில் இன்னொருவர் அதை மறுப்பார். டீச்சர் இறங்கும்போது பஸ்ஸில் இரண்டு கட்சி உண்டாகியிருக்கும். "டீச்சரே, முடிவு சொல்லீட்டு போங்க!" என்று கண்டக்டர் கத்துவார். "எனக்கு எப்படித் தெரியும்? கதை உங்ககிட்டத்தானே இருக்கு," என்று குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் நாங்கள் எங்கள் பிள்ளைகளை ஒப்படைத்தோம்.

சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளின் தமிழ் ஒரு தினுசான தமிழ். தாத்தா காலத்திலேயே வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட வீடுகள் உண்டு. போன வருஷம் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்த வீடுகள் உண்டு. பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் மலையாளம் எழுதினார்கள். வீட்டில் தமிழில் திட்டு வாங்கினார்கள். திட்டத் தெரிந்த மொழியில் எழுதவும் தெரியட்டுமே என்று சங்கம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. இடம், வறீது சேட்டனின் சுக்கு மிளகாய் குடோனுக்கு மேல் ஒரு மரத்தளம் போட்ட அறை. செயலாளர் எதிர்பார்த்தது அ, ஆ, சொல்வதெழுதுதல், ஆண்டுவிழாவுக்கு ஒரு பாட்டு. டீச்சர் எடுத்தது கதை.

முதல் சனிக்கிழமை என் மகள் மதுவைக் கூட்டிக்கொண்டு படியேறினேன். வாசலில் டீச்சர் ஒரு பழைய பிஸ்கெட் டின்னோடு நின்றார்.

"பென்சில் எல்லாம் இதுல போடு, மோளே."

மது போட்டாள். பென்சில், ரப்பர், ஸ்கெட்ச் பேனா எல்லாம் பறிமுதல். அடுத்து டின் என் கைப்பைக்கு நேரே வந்தது.

"மது அம்மா, உங்க பேனா?"

"நான் படிக்க வரலையே டீச்சர்."

"இருக்கட்டும். உள்ள உக்காந்து நீங்க மட்டும் எதையாவது கிறுக்கிக்கிட்டிருந்தா பிள்ளைங்களுக்கு ஆசை வரும். போடுங்க."

போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேன் சத்தத்தைக்கூட நிறுத்திவிட்டு, ஒரு வரிக்காக அரைநாள் சுவரைப் பார்த்திருக்கும் ரகம் நான். என் பேனாவை வேறொருவர் பிடுங்கியது அதுதான் முதல் தடவை.

நாலு பிள்ளைகளுக்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு தாள், ஒரே ஒரு பென்சில். அதைப் பார்த்ததும் செயலாளருக்குத் தாங்கவில்லை. நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் வரிசையாகப் பேனா, எதற்கும் ஒரு தீர்மானம் நிறைவேற்றத் துடிக்கும் மனிதர் அவர்.

"டீச்சர், சங்கம் அவ்வளவு வக்கத்துப் போயிடலை. ஆளுக்கொரு பென்சில் நான் வாங்கித் தர்றேன்."

"நாலு பென்சில் குடுத்தா நாலும் தலையைக் குனிஞ்சுக்கும் சார். ஒண்ணு குடுத்தா நிமிந்து ஒருத்தரை ஒருத்தர் பாக்கும். முப்பது வருஷமா உச்சந்தலையையே பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு."

அப்புறம் சட்டங்களை அறிவித்தார். குழுவில் ஒருவர் கதைக்குள் ஆளைக் கொண்டுவர வேண்டும். ஒருவர் அந்த ஆளுக்கு வம்பு இழுத்துவிட வேண்டும். ஒருவர் வம்பிலிருந்து வழி சொல்ல வேண்டும். நாலாவது ஆள் "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். நாலு பேரும் சரி என்று தலையாட்டினால்தான் வாக்கியம் தாளில் ஏறும். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம்: தன் வாக்கியத்தைத் தானே எழுதக் கூடாது. நீ சொன்னதை அடுத்தவர் எழுதுவார், அடுத்தவர் சொன்னதை நீ எழுதுவாய்.

"பென்சில் எப்ப கை மாறும் டீச்சர்?" என்று அன்சார் கேட்டான். அப்பா ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். பிள்ளைக்கு வாய் எப்போதும் சூடாகவே இருக்கும்.

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்த நேரம் கீழே வறீது சேட்டன் ஒரு மிளகாய் மூட்டையை உதறினார். பலகை இடுக்கு வழியாகக் காரம் மேலே வந்தது. முதலில் ஒருவன், பிறகு இருவர், பிறகு அறையே தும்மியது.

"இதோ, இதுதான் மணி," என்றார் டீச்சர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "யாராவது தும்மினா பென்சில் மாறணும்."

அந்தச் சட்டம் பட்ட பாட்டைத் தனிப் புத்தகமாகத்தான் எழுத வேண்டும். மூட்டை பிரிக்கிற நாளில் பென்சில் பம்பரமாகச் சுற்றும். ஒரு 'ராஜா'வை எழுதி முடிப்பதற்குள் நாலு கை மாறி, 'ர' ஒருத்தி கையெழுத்தாகவும் துணைக்கால் இன்னொருவன் கையெழுத்தாகவும் இருக்கும். மூட்டை பிரிக்காத நாளில் ஒரே பிள்ளை பென்சிலைப் பிடித்துக்கொண்டு அசையாது. அன்சார் சட்டைப்பையில் மிளகுத் தூள் கொண்டுவரத் தொடங்கினான். டீச்சர் உடனே திருத்தம் போட்டார்: கள்ளத் தும்மல் தும்மினால் பென்சில் பக்கத்துக் குழுவுக்குப் போய்விடும்.

ஒருநாள் வறீது சேட்டன் கோபமாக மேலே வந்தார். பிள்ளைகள் குதித்தால் தூசியெல்லாம் அவர் சுக்கில் விழுகிறதாம். "டீச்சரே, இது ஸ்கூலோ சந்தையோ?" என்று தொடங்கினார்.

"உக்காருங்க சேட்டா. இந்தக் குழுவுல ஒரு ஆள் குறையுது. புலி ஒண்ணு பஸ்ஸுக்கு நிக்குது. ஏறுமா, ஏறாதா?"

"புலி எந்தினா பஸ்ஸுல ஏறுது? அதுக்கு ஓடத் தெரியாதா?"

"கால்ல முள்ளு சேட்டா," என்றது ஒரு குழந்தை.

சேட்டன் உட்கார்ந்தார். புலிக்கு லேடீஸ் சீட்டில் இடம் கொடுக்கலாமா என்பது வரை வாதாடினார். கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, சரக்கை ஏற்றாமலே போய்விட்டான். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கீழேயிருந்து ஒரு குரல் தவறாமல் வரும்: "டீச்சரே! கதை நின்னுபோச்சா? மொளகாய் உதறட்டா?"

ஒரு குழு நல்லதாக ஒன்றைச் சொல்லிவிட்டால் டீச்சர் கை தட்ட மாட்டார், பாராட்ட மாட்டார். அறைக்குள்ளேயே குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். "காரம் கண்ணுல விழுது," என்பார். மூட்டை பிரிக்காத நாளிலும் விழும். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். "டீச்சர் குடை பிடிச்சுட்டாங்கடா!" என்று அவர்கள் கத்துவது எந்தப் பரிசளிப்பு விழாவிலும் கேட்காத கத்தல்.

இப்போது மதுவைப் பற்றி.

அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாது. வீட்டுப் படி இறங்கினால் வாய் பூட்டு. பள்ளிக்கூடத்தில் அவள் மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கிறது என்று சிரித்தார்கள். ஊருக்குப் போனால் சொந்தக்காரப் பிள்ளைகள், அவள் ஏறினேன் என்பதற்கு மலையாளத்தில் போல 'பஸ்ஸுல கேறினேன்' என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடை முழுக்கச் சிரித்தார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கிய பிள்ளை, சரி, பேசாமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டது. மிஸ் கேள்வி கேட்டால் தலையாட்டல், கடைக்காரர் கேட்டால் விரல் நீட்டல். இப்படியே அடங்கிப்போய்விடுவாளோ என்பது என் பயம். இரவில் அவள் தூங்கிய பிறகு வரும் பயம் இல்லை அது. பட்டப்பகலில், பள்ளிக்கூட வாசலில், மற்ற பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே அவள் மட்டும் சத்தமில்லாமல் வெளியே வரும்போது நெஞ்சைப் பிடிக்கும்.

டீச்சரிடம் சொன்னேன். "ஓ," என்றார். மதுவை அன்சார், ஸ்டெல்லா, கணேசன் இருந்த குழுவில் உட்காரவைத்து, "நீ 'அப்புறம்' கேக்கற ஆள். வேணும்னாத்தான் கேக்கணும். கேக்கத் தோணலைன்னா கேக்காதே," என்றார்.

வாரக்கணக்கில் அவள் அந்த ஒரு சொல்லோடுதான் இருந்தாள். மற்றவர்களுக்கு வேலை மாறியது, இவளுக்கு மாறவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், ஒரே வார்த்தையைச் சொல்லிட்டிருந்தா எப்படி?"

"அந்த ஒரு வார்த்தைக்கு அங்க என்ன மரியாதைன்னு வந்து பாருங்க."

பார்த்தேன். கதையில் ஒரு கிழட்டு நாயை அன்சார் ஆவேசமாக லாரியில் அடிபட வைத்தான். மது உதட்டை இறுக்கிக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்காமல் கதை நகராது, அது சட்டம். மூவரும் கெஞ்சினார்கள்.

"ஏய் மது, அப்புறம்னு கேளுடீ!"

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"நாய்க்குக் கால்ல மட்டும் அடி. ஓகேயா?" என்றான் அன்சார்.

மறுபடியும் மாட்டேன் என்ற தலையாட்டல்.

"சரி, அடியே படலை. லாரிக்காரன் பிரேக் போட்டுட்டான். நாய் லாரியில கேறி அவன் பக்கத்துல உக்காந்துருச்சு. போதுமா தாயே?"

மது மெல்ல நிமிர்ந்தாள். "அப்புறம்?"

ஊமையென்று நான் அழுதுகொண்டிருந்த பிள்ளை, ஒரு லாரியையே நிறுத்திக்கொண்டிருந்தாள். திரும்பினேன். டீச்சர் குடைக்குள் இருந்தார்.

அந்த வருஷம் எர்ணாகுளத்தில் பிள்ளைகளுக்கான தமிழ்க் கதைப் போட்டி வந்தது. வகுப்புக்கு ஒரு பிள்ளை. செயலாளர் ஓடிவந்தார். டீச்சர் ஒரேயடியாக மறுத்தார்.

"ஒரு கதைக்கு நாலு ஆள். நாலு நாற்காலி போடச் சொல்லுங்க."

"டீச்சர், கதைங்கறது தனியா உக்காந்து எழுதற சமாச்சாரம். இதோ மது அம்மாவைக் கேளுங்க, அவங்க எழுதறவங்க."

எழுதுகிறவள்தான். ஆனால் என் பேனா டின்னுக்குள் இருந்தது.

கடைசியில் டீச்சரை மடக்கியது அவருடைய சட்டமேதான். அன்சார், ஸ்டெல்லா, கணேசன் மூவரும் கூடிப் பேசித் தலையாட்டி முடிவு செய்துவிட்டார்கள்: மது போகட்டும். "ஏன்?" என்று கேட்டதற்கு ஸ்டெல்லா சொன்னாள்: "கதை தப்பாப் போனா அவளுக்குத்தான் தெரியும், டீச்சர்." குழு தலையாட்டிய பிறகு டீச்சரும் மாற்ற முடியாது. மதுவைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவளும் தலையாட்டியிருந்தாள்.

போட்டியன்று எல்லோருமாகப் போட் ஏறினோம். டீச்சர், நான், மது, அவள் குழு மூன்று பேர், ஒரு குடை. அரங்கம் முழுக்க ஏசி. பிள்ளைகளுக்குத் தனித்தனி மேஜை. பெற்றவர்கள் பின் வரிசையில், மூச்சுவிடாமல் உட்கார வேண்டும். கண்காணிக்க ஒரு பெரியவர், கம்பளி மஃப்ளர் சுற்றிக்கொண்டு நடை பழகினார். தலைப்பு 'ஒரு பயணம்' என்று பலகையில் எழுதினார்.

மது ஒரு வாக்கியம் எழுதினாள். நிமிர்ந்தாள். காத்திருந்தாள்.

மற்ற தலைகளெல்லாம் குனிந்திருந்தன. இவள் தலை ஒன்றுதான் நிமிர்ந்து, வலது பக்கமும் இடது பக்கமும் பார்த்தது. யாரும் "அப்புறம்?" கேட்கவில்லை. கேட்க அங்கே ஆளே இல்லை. என் பக்கத்தில் அன்சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "கேளுங்களேன்டா யாராவது," என்று பல்லைக் கடித்தான். டீச்சர் அவன் வாயைப் பொத்தினார்.

கடிகாரம் போய்க்கொண்டே இருந்தது. மதுவின் தாளில் அதே ஒரு வரி.

அப்போது, ஏசியின் கருணை, கண்காணிப்பாளர் தும்மினார். மஃப்ளர் பறக்கிற தும்மல்.

மது சட்டென்று எழுந்தாள். தன் பென்சிலையும் தாளையும் எடுத்துப் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் மரியாதையாக நீட்டினாள். அந்தப் பெண் திகைத்துப்போய் வாங்கிக்கொண்டாள். மது அவள் மேஜை ஓரமாகக் கையைக் கட்டி நின்றுகொண்டாள்.

"என்ன நடக்குது இங்க?" கண்காணிப்பாளர் வந்துவிட்டார். "எதுக்கும்மா பென்சிலைக் குடுத்தே?"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. இத்தனை பேர், புது ஆள், அதட்டல்; முடிந்தது, இனி ஜென்மத்துக்கும் வாய் திறக்க மாட்டாள் என்று எழப் போனேன். டீச்சர் குடைக் கொக்கியால் என் கையை இழுத்து உட்காரவைத்தார்.

"தும்மினா மாத்தணும் சார்," என்றாள் மது.

"யார் தும்மினது?"

"நீங்கதான் சார்."

முன் வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. மது குனியவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்தாள்:

"ஒரு ஆடு டிக்கெட் எடுக்காம மட்டாஞ்சேரி போட்டுல கேறிச்சு சார். அதை இறக்கணுமா, கூட்டிட்டுப் போகணுமான்னு நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. இவளையும் கேக்கணும்."

'கேறிச்சு' என்றுதான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் கவலை ஆட்டைப் பற்றி.

"மட்டாஞ்சேரி ஆடா?" என்றான் பின்னால் ஒருவன். "அது டிக்கெட்டையே தின்னுருக்கும்."

"இறக்க வேண்டாம் சார், பாவம்," என்றாள் பென்சில் வாங்கிய பெண்.

"சைலன்ஸ்!" என்றார் கண்காணிப்பாளர். நாலு எட்டு நடந்தார். நின்றார். மஃப்ளரைச் சரிசெய்தார். திரும்பி வந்து, குனிந்து, பரம ரகசியமாக மதுவைக் கேட்டார்.

"சரி, கேறிச்சு. அப்புறம்?"

என் பக்கத்தில் டப்பென்று ஒரு சத்தம். ஏசி அரங்கத்துக்குள், மிளகாய் வாடையே இல்லாத இடத்தில், டீச்சர் குடையை விரித்துவிட்டார். வெகுநேரம் மடக்கவில்லை.

பரிசு கிடைத்ததா என்று கேட்காதீர்கள். பரிசீலனைக்கே எடுக்கவில்லை. கண்காணிப்பாளர் தும்மத் தும்ம மேஜை மேஜையாகச் சுற்றிய ஒரு தாளில் ஆறேழு பேர் கையெழுத்து இருந்தால் யாருக்குத்தான் பரிசு கொடுப்பது? செயலாளர் எங்களோடு ஒரு மாதம் பேசவில்லை. திரும்பி வந்த போட்டில் மது, கரை வரும் வரை, என்னோடும் டீச்சரோடும் முன்பின் தெரியாத ஒரு பயணியோடும் ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு பெண் தன் அப்பாவை இழுத்துக்கொண்டு குடோன் படி ஏறினாள். எர்ணாகுளம் தேவராவிலிருந்து வந்திருந்தாள், பென்சில் வாங்கிய அதே பெண். வாசலிலேயே கேட்டாள்: "அந்த ஆடு அப்புறம் என்னாச்சு?" டீச்சர் டின்னை நீட்டினார். மதுவின் குழு அன்றிலிருந்து ஐந்து பேர். "சட்டம் நாலு பேருக்குத்தானே டீச்சர்?" என்று கணேசன் கேட்டதற்கு, "பென்சில் அதே நீளம்தானே, இடம் இருக்கு," என்றார்.

இதெல்லாம் சில வருஷம் முந்தைய கதை. மது இப்போது எட்டாம் வகுப்பு. பேச்சைக் குறை என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்புகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் யாருக்காவது கை கூப்பத் தோன்றுகிறது எனக்கு. டீச்சர் முட்டி ஆபரேஷன் முடிந்து பாலக்காட்டில் தங்கை வீட்டில் இருக்கிறார். கால் சரியானதும் வருகிறேன் என்றிருக்கிறார். டின் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கதவைத் திறந்துவைத்து எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இதை முடிக்கப் போகும் நேரம் மது வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "கடைசி வாக்கியம் யாரோடது?" என்றாள். "என்னோடது," என்றேன். "தன் வாக்கியத்தைத் தானே எழுதக் கூடாதும்மா, மறந்துட்டீங்களா? நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

சொன்னாள். எழுதுகிறேன்:

டீச்சர், ஆட்டை நாங்க இன்னும் கரையில இறக்கலை. நீங்க வந்து 'அப்புறம்?'னு கேட்டாத்தான் அது இறங்கும்.